வெள்ளக் குறியும் எச்சரிக்கைச் சொல்லும்

முக்கூடற்பள்ளில் ஆற்றுவெள்ளத்தின் வருகையை முன்னறிந்து உழவர் மகிழும் சிந்து ஒன்று உண்டு. பள்ளிச் சிறாரும் அறிந்த பாட்டு அது. அதனைப் பயிற்றும்பொழுது சந்த நயமும் இயற்கை வருணனையும் எடுத்துக்காட்டி, பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தின் இலக்கணத்தைச் சொல்லி அமைவது ஆசிரியர் வழக்கம். நாமும் பல்லாண்டு அவ்வாறே பயிற்றினோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் பொருநையாற்றுப் படுகை முழுதும் பெருவெள்ளத்தில் ஆழ்ந்தது. நீர் வடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கிய பின்னர், பேட்டையில் முதுகலை மாணவர்க்கு அச்சிந்தினை மறுபடியும் பாடஞ்சொல்ல நேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்து பயிலும் மாணவியொருவர் எழுந்து, "இக்குறிகளில் ஒன்றேனும் எங்கள் ஊரில் அன்று தோன்றவில்லையே ஐயா; பின் எதை நம்புவது?" என்று வினவினார். நயம் கூறி விடையிறுக்கத் தக்க வினா அன்று அது. அவ்வினா நம்மை இட்டுச் சென்ற இடங்களையே இக்கட்டுரை கூறுகின்றது.

முதற்கண் பாட்டு கூறுவது யாது என்பதை நோக்குவோம். மலையாளத் திசையினும் ஈழத் திசையினும் மின்னல் சூழ்தல், முன்னாளும் அந்நாளும் காற்றுச் சுழன்றடித்தல், கிணற்றுத் தவளை கூப்பிடுதல், சேற்று நண்டு தன் வளையை அடைத்தல், மழை வேண்டும் வானம்பாடிகள் திரண்டு ஆடுதல் ஆகிய ஐந்தும் ஆங்குக் குறிகளாகக் கூறப்படுகின்றன. இவை சேய்மையில் தொடங்கி அண்மையில் முடியும் வரிசை ஒன்று பெரும்பாலும் அமைந்திருத்தல் காணலாம். தொடுவானத்து மின்னல் முதலில் கண்ணிற் படுகின்றது, பின்னர்க் காற்று, அதன்பின் கேணி, அதன்பின் காலடிச் சேறு. வானம்பாடி மட்டும் மீண்டும் நம் நோக்கை மேலே உயர்த்துகின்றது.

மின்னலை இரு திசைக்கும் உரியதாக்கியது ஓசை நிரப்புதற்பொருட்டு அன்று. பொருநை தென்மேல் பருவக்காற்றானும் வடகீழ்ப் பருவக்காற்றானும் நீர்பெறும் ஆறு. மேற்கிலிருந்து வரும் மழை பொதியின் மேல் பொழிந்து ஆற்றில் இறங்குகின்றது. கிழக்கிலிருந்து வரும் மழை சமவெளியினையும் மலையின் கீழ்ச்சரிவினையும் ஒருங்கே நனைக்கின்றது. முக்கூடல் என்பது சீவலப்பேரிக்கு அருகே சிற்றாறும் கயத்தாறும் பொருநையொடு கலக்கும் இடம். அவ்விடத்து நிற்கும் உழவன் இரு புறமும் நோக்கியாக வேண்டியவன். ஆகவே அப்பாட்டு இருந்த இடத்திலிருந்து பார்த்துப் பாடியது என்பது தெளிவு.

வெள்ளம் மறுநாள் வரும் என்று பாட்டு காலத்தையும் வரையறுக்கின்றது. இதனை உரைகள் பெரும்பாலும் விளக்காமற் செல்லும். பொருநையின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். தோற்றம் பொதியிலில், முடிவு புன்னைக்காயலில், இடைப்பட்ட ஓட்டம் முழுதும் நெல்லை, தூத்துக்குடி என்னும் இரு மாவட்டங்களுக்குள் அடங்குகின்றது. காவிரியைப்போல் பல நாள் நடந்து வரும் ஆறு அன்று. மலையில் பெய்த மழை சமவெளிக்கு வந்து சேர ஒருநாட்பொழுது போதும். எனவே 'மறுநாள்' என்பது அவ்வாற்றின் இயல்பறிந்தோர் வாய்ச்சொல். ஆயத்தம் செய்துகொள்ளக் கிடைக்கும் காலம் எவ்வளவு என்பதையே இன்றைய வெள்ள முன்னறிவிப்பாளரும் முதலில் வினவுகின்றனர்.

இவ்வளவும் கூறியதுகொண்டு, இன்றைய வானிலை இயல் முழுவதையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனச் சாதிப்பார் கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவிட வேண்டா. தவளையும் நண்டும் காற்றின் ஈரத்திற்கு ஏற்ப நடக்கும். மழை எத்துணைப் பெய்யும் என்பதை அவை அறியா. இப்பாட்டின் வெள்ளம் உழவர்க்கு உவகை தரும் வெள்ளம். வறண்ட ஆற்றில் புதுப்புனல் வருகின்றது என்று அவர்கள் ஆடிப்பாடுகின்றனர். அவ்வுவகையை மட்டும் பயிற்றப்பெற்ற மாணவன் வெள்ளத்தைக் காணக் கரைக்கு ஓடுவானேயன்றி மேட்டிற்கு ஓடான்.

இனி 2023இன் செய்தி. டிசம்பர் 17 மார்கழி முதல் நாள். குமரிக்கடற்பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் மழை தொடங்கியது. 18ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையினும் மிக்க நீர், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் இறங்கியது. மலையிலும் பெருமழை பெய்தது. அணைகளிலிருந்து நீர் திறக்கப்பட்டது. நெல்லை நகரில் சந்திப்புப் பகுதியும் சிந்துபூந்துறையும் மீனாட்சிபுரமும் நீரில் மூழ்கின. ஆயினும் கீழ்ப்பகுதி ஊர்களுக்குத் துன்பம் ஆற்றின் வழியே மட்டும் வரவில்லை. வானத்திலிருந்து நேரே இறங்கிய நீரால் குளங்கள் நிறைந்து கரை உடைந்தன. ஆற்றையே நோக்கி நின்றவர்க்குப் பின்புறத்திலிருந்து வெள்ளம் வந்தது.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பெற்றது. அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கத்தில் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளையும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. வண்டியில் ஏறத்தாழ 800 பேர் இருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அண்மையிலிருந்த பள்ளியொன்றில் தங்க வைக்கப்பெற்றனர். எஞ்சியோர் நிலையத்திலும் வண்டியிலுமாக 19ஆம் நாள் வரை இருக்க நேர்ந்தது. வெள்ளத்தில் தாமும் அகப்பட்டிருந்த அண்டை ஊரார் அவர்களுக்குச் சோறு சமைத்து அளித்தனர். வண்டியை உரிய நேரத்தில் நிறுத்தியவர் அறிவும் சோறளித்தார் அன்பும் அந்நிகழ்ச்சியில் ஒருங்கே நினைக்கத் தக்கன.

மாணவியின் வினாவுக்கு ஒரு பகுதி விடை இதனுள் உண்டு. முக்கூடற்பள்ளின் குறிகள் மலைமழையால் ஆற்றில் வரும் வெள்ளத்திற்கு உரியன. சமவெளியில் கொட்டும் மழைக்கு 'மறுநாள்' என்னும் இடைவெளி இல்லை. அங்கே குறியின் தொழிலை எச்சரிக்கைச் சொல் செய்ய வேண்டும். அச்சொல் எவ்வாறு உள்ளது?

இந்திய வானிலை ஆய்வுத்துறை மழையின் அளவை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை பெய்வது கனமழை, 11.56 முதல் 20.44 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. அளவில் தெளிவான இப்பகுப்பு, தமிழ்ச் சொல்லாக வரும்பொழுது மயங்குகின்றது. 'மிக' என்பதும் 'அதி' என்பதும் பொருளால் ஒன்றே. முன்னது தமிழ், பின்னது வடசொல். எது பெரிது என்று கேட்பின் எந்தத் தமிழ் மகனும் மொழியறிவு கொண்டு விடை கூற இயலாது. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப்பொருள் தருவன எனத் தொல்காப்பியம் உரியியலில் கூறும். நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் கூட்டி ஆறாக்கும். ஆசிரியர் இருவரும் அவற்றுள் ஏற்றத்தாழ்வு வகுத்திலர். மிகுதி காட்டும் உரிச்சொற்கள் நம் மொழியில் பல. அவை படிநிலை காட்டுவன அல்ல. படிநிலை வேண்டுமிடத்து எண்ணோ, உவமையோ, கண்ணாற் காணும் அடையாளமோ வேண்டும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 21 செ.மீ. மழையும் அதி கனமழை. காயல்பட்டினத்தின் 95 செ.மீ. மழையும் அதி கனமழை. ஏணி உச்சியில் முடிந்துவிட்டது; மழை அதற்கு மேலும் ஏறிற்று. நான்கு மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாட்டை ஒரே சொல் மூடி மறைத்தது. முன்னறிவிப்புப் பற்றி அந்நாளில் எழுந்த வழக்குகளில் நாம் நுழையவில்லை. அது அத்துறை வல்லுநர் ஆராய வேண்டுவது. சொல்லைப் பற்றிய வழக்கு மட்டும் தமிழ்த்துறையினர்க்கு உரியது.

'கன அடி' என்னும் சொல்லும் அத்தகையதே. அணையிலிருந்து வினாடிக்கு இத்துணை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகின்றது என வானொலியில் கேட்கின்றோம். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர் என்று கணக்கிட்டுக் கூறலாம். கூறினும் அந்நீர் எம் தெருவிற்கு வருமா வாராதா என்பது விளங்காது. நெல்லை மக்கள் இதற்கு வேறு அளவுகோல் வைத்துள்ளனர். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றினுள் அமைந்தது. நீரின் விசையைப் பிளக்குமாறு படகின் முனைபோல் கட்டப்பெற்றது. வெள்ளம் ஏறும்பொழுது உற்சவ மூர்த்தியை மேலைக் கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். சாமி மேலே போய்விட்டார் என்ற சொல் நகரெங்கும் பரவும். எத்துணைப் படி மூழ்கியது, மண்டபம் தெரிகின்றதா, மறைந்ததா என்பதே அவர்களுக்கு அளவு. 1992ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வெள்ளத்தையும் முதியோர் அக்கோயிலைக் கொண்டே நினைவு கூர்வர். கன அடிக் கணக்கையும் கோயிற்படியையும் இணைத்து ஓர் அட்டவணை செய்து தெருத்தோறும் ஒட்டினால் அது நல்ல மொழிபெயர்ப்பாகும்.

மூன்றாவது சொல் 'தாழ்வான பகுதி'. தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு மழைக்கும் ஒலிக்கும் தொடர். தன் வீடு தாழ்வான பகுதியில் உள்ளது என எண்ணுவார் அரியர். பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 முழுப்பாடல்களுள் 8 வையைக்கு உரியன. அவற்றுள் ஆறாம் பாடலில், வையை கரையை உடைத்த செய்தியைப் பறையறைந்து ஊர்க்கு அறிவித்தமையும் ஊர் ஆரவாரித்து எழுந்தமையும் கூறப்படுகின்றன. எது உடைந்தது என்பது அந்த அறிவிப்பில் உண்டு. கேட்டவன் தன் வீடு எப்பக்கம் என்பதைத் தானே அறிவான். 'தாழ்வான பகுதி' என்பதில் ஆறும் இல்லை, கரையும் இல்லை, திசையும் இல்லை.

இதுகாறும் கூறியது ஆற்றைப் பற்றியது. கடலை நோக்கினால் நம் இலக்கிய மரபின் வேறொரு குறை புலனாகும். தமிழர் கடல்கோளைப் பேசி வந்த அளவிற்கு வேறு எவ்வியற்கைத் துன்பத்தையும் பேசினாரல்லர். இறையனார் களவியலுரை சங்கங்கள் இருந்த காலத்தை 4,440 எனவும், 3,700 எனவும், 1,850 எனவும் எண்ணிக் கூறுகின்றது. வீற்றிருந்த அரசர் தொகையும் புலவர் தொகையும் தருகின்றது. சிலப்பதிகாரம் கடல் கொண்ட குமரிக்கோட்டை நினைக்கின்றது. கடல் வருமுன் யாது செய்தது என்பதை மட்டும் எவரும் குறித்து வைத்திலர். இழப்பின் பெருமை நின்றது. தப்பும் வழி நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, குமரிக் கரையில் கடல் உள்வாங்கியதைப் பலர் நின்று வியந்து நோக்கினர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். ஆழிப்பேரலை என்னும் சொல்லே அதன் பின்னர்த்தான் நாவில் பழகிற்று.

அதே நாளில் சுமத்திராவின் மேற்கே உள்ள சிமெலுவே என்னும் தீவின் நிலை வேறு. நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அண்மையில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்களுள் 7 பேரே அங்கு இறந்தனர் எனக் கூறுவர். 1907இல் அத்தீவினர் ஒரு பேரலையால் பெருந்துன்பம் உற்றனர். அப்பேரலைக்குச் 'சுமோங்' என்று பெயரிட்டு, நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டிற்கு ஓடுக என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரர்க்குப் பாடி வந்தனர். நூறாண்டு நெருங்கியும் அப்பாட்டு தேயவில்லை. ஒரே சொல் ஓர் ஊரை எழுப்பி ஓட வைத்தது. எல்லாக் கரையிலும் கடல் முன்னர் உள்வாங்கும் என்பதும் இல்லை. உள்வாங்காமலும் அலை எழும். ஆகவே கரையில் நிற்பவன் நிலநடுக்கத்தையே முதற்குறியாகக் கொள்ளல் வேண்டும் என்பதையும் மாணவர்க்குச் சேர்த்துக் கூறுதல் கடன்.

இவ்வாறு தமிழ் வகுப்பில் பேரிடர் பற்றிப் பேசுவது நிலநூலாசிரியர் எல்லையிற் புகுவதாகும் என நண்பர் சிலர் தடுத்தனர். 2005ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதற்கென ஆணையங்களும் பயிற்சிகளும் உள்ளன. தீயணைப்புத் துறையினர் கல்லூரிக்கே வந்து கயிறு கட்டக் கற்பிக்கின்றனர். தமிழாசிரியர்க்கு இங்கு என்ன வேலை என்பது அவர் வினா. கயிறு கட்டுவதை நாம் கற்பிக்கப் போவதில்லை. சொல்லின் பொருள், கேட்பவன் செவியில் அது அடையும் பொருள், ஊர்ப்பெயரின் பொருள் ஆகியவற்றைக் கற்பிக்க வேறு துறை இல்லை.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இவ்விடத்துப் பெரிதும் உதவுவது. பொருநைக்கரை இராசவல்லிபுரத்திற் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதி வழிகாட்டினார். அந்நூலை நாம் பட்டப்பேற்றிற்கு மேற்கோளாக்கினோம். தெருவிற் கொண்டு சென்றோமில்லை. துறை என முடியும் பெயர் ஆற்றின் எல்லையைக் காட்டும். மறுகால் என்பது குளம் நிறைந்து மிகும் நீர் செல்லும் வழி. நெல்லைச் சீமையில் அது ஊர்ப்பெயராகவும் வழங்குவது மறுகால்குறிச்சியாற் புலனாகும். நகரின் புதிய பேருந்து நிலையம் நிற்குமிடம் வேய்ந்தான்குளம். குளத்தின் பெயரை நாள்தோறும் நடத்துநர் கூவி அழைத்தும், அது குளம் என்பதைக் கேட்பார் நினைப்பதில்லை.

ஆகவே நாட்டுப்புறவியல் தாளுக்குரிய களப்பணியை நம் மாணவர்க்குச் சிறிது மாற்றி அமைத்தோம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாயை ஒட்டி, பேட்டை வழியாக நயினார்குளம் வரை நடந்து, வழியில் உள்ள மடை, ஓடை, மறுகால் ஆகியவற்றின் பெயர்களையும், எந்த ஆண்டு வெள்ளத்தில் எதுவரை நீர் நின்றது என்பதையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுவது முதற்பகுதி. சொற்கள் ஏராளமாகக் கிடைத்தன. நண்டின் வளைபற்றி உழவர் குடும்பத்து மாணவியொருவர் தந்த விளக்கம் உரைநூல்களில் காணாதது: நண்டு சேற்றை மேலே ஏற்றி வரம்புபோல் சுற்றிலும் வைத்து வாயைச் சுருக்கிக்கொண்டே வந்து அடைக்குமாம். முதியோர் பலர் 2023இனை 1992உடன் ஒப்பிட்டுச் சுவரில் விரல் வைத்துக் காட்டினர். அவ்விடங்களில் மாணவர் கோடிட்டு ஆண்டினைக் குறித்தனர். வீட்டுக்காரர் எவரும் மறுத்திலர்.

இரண்டாம் பகுதி எழுத்துப்பணி. மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவிற்கு ஓர் எச்சரிக்கை எழுத வேண்டும். நீர் எங்கிருந்து வரும், எவ்வழியாக வரும், எதைக் கண்டால் புறப்பட வேண்டும், எங்கே செல்ல வேண்டும் ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். உரிச்சொல் ஒன்றும் வரலாகாது. முதியோர் உண்ணும் மருந்து, குடும்ப அட்டையும் சான்றிதழ்களும் வைத்த நெகிழிப்பை, மின்கட்டையை அணைத்தல், கன்றுகாலியை அவிழ்த்து விடுதல் ஆகியன ஒரு வரியில் அடங்க வேண்டும். எளிதென நினைத்துத் தொடங்கியோர் இடர்ப்பட்டனர். சிலர் கவிதை எழுதினர்; சிலர் அரசாணை எழுதினர். மனிதர் பேசுவதுபோல் எழுதினோர் சிலரே.

எழுதியதனைத் தெருவில் படித்துக் காட்டிக் கேட்டோர் கூறும் திருத்தத்தையும் சேர்த்துத் தருமாறு கூறியிருந்தோம். ஒரு மாணவர், "குளத்து மறுகால் பாயத் தொடங்கியதும் புறப்படுக" என எழுதிச் சென்றார். கேட்ட மூதாட்டி ஒருவர், "மறுகால் பாயுறது ராத்திரின்னா யாரு போயிப் பாப்பா? அங்ஙன வீடு இருக்குறவன் வந்து கதவத் தட்டணும்னு எழுது, தம்பி" என்றாராம். அம்மாணவர் தம் எச்சரிக்கையின் முதல் வரியாக அதனையே அமைத்து, தட்ட வேண்டிய கதவுகளின் வரிசையையும் கீழே எழுதித் தந்தார்.